கழுத்துல கை வைக்கிறதுக்கு முன்னால

ஹட்டன்
ஞாயிறு

அன்பு மச்சான்,

கடிதம் கெடச்சிச்சு. ஆட்டோவுக்குப் பின்னால வேன் இடிச்ச அன்னைக்கு, ஓபிடியில தங்கச்சி "ஒன்னுமில்லீங்க டொக்டர்"னு சொல்லிட்டு வந்தாளே, அதுதான் இப்ப வழக்குக்கும் இன்சூரன்ஸுக்கும் பெரிய சிக்கல். இந்த மாதிரி இடியில பல நேரம் கழுத்து அன்னைக்கே வலிக்காது. மறுநாள், ரெண்டாம் நாள்தான் இறுகும். ஆஸ்பத்திரித் துண்டுல நோவு இல்லைன்னு எழுதியாச்சு. நாளைக்கே திரும்பக் கூட்டிட்டுப் போய்க் காட்டு. பொலிஸ் என்ட்ரி நம்பரைச் சொல்லி, சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் கேளு. அதைப் பொலிஸ்தான் தரணும்.

நாட்டு வைத்தியர் வெதமாத்தயாகிட்ட எண்ணெய் போட்டு உருவலாம்னு அம்மா சொல்றாங்களாமே. இப்ப வேணாம். பிடரி நடு எலும்பை அமுக்கினா வலிக்குதா, கை மரக்குதா, தலை ரெண்டு பக்கமும் 45 பாகை திரும்புதா? டொக்டர் இதைப் பார்த்து, தேவைன்னா எக்ஸ்ரேயும் எடுத்த பிறகு மத்தது. மூளைக்குப் போற நாடிகள்ல ரெண்டு பிடரி எலும்பு ஓட்டை வழியாத்தான் ஏறுது. வெடுக்குனு திருப்பினா அதோட உள்சுவர் கிழியலாம். தலைசுத்து, ரெண்டு ரெண்டாத் தெரியிறது, நாக்குக் குழறல் வந்தா உடனே பெரியாஸ்பத்திரி. கையால முதுகெலும்பைத் திருப்பிச் சரிபண்ற கைரோபிராக்டிக்கை முறையா படிச்சவங்களும் இதையெல்லாம் கேட்டுட்டுத்தான் தொடுவாங்க. அதோட, உருவின பிறகு எது விபத்துக் கன்றல், எது கைபட்டதுன்னு சட்ட வைத்தியர் பிரிச்சு எழுதுறது கஷ்டம்.

கன்றலைப் பகல் வெளிச்சத்துல, பக்கத்துல அடிமட்டம் வச்சு, எட்ட ஒன்னு கிட்ட ஒன்னுன்னு படம் எடு. நீலம் மஞ்சளாகி மறையிற வரைக்கும் ரெண்டு நாளைக்கு ஒருக்கா.

தண்டனைச் சட்டக்கோவை 311ஆம் பிரிவுல எலும்பு முறிவு மட்டும் கடுங்காயம் இல்ல. காயத்தால 20 நாள் வழமையான வேலை செய்ய முடியாமப் போனாலும் அதுல அடங்கும். அந்த 20 நாளுக்குச் சாட்சி தோட்டத்து வேலைப் பதிவு, அதான் செக்ரோல். பேர் (ஒரு நாள் சம்பளக் கணக்கு) விழாத நாள், அரைப்பேர் விழுந்த நாள், அன்னைக்கு நோவு பத்துக்கு எத்தனை, எத்தனை மணிக்கு முழிச்சா, எல்லாம் ஒரு கொப்பியில அன்னன்னைக்கே எழுதட்டும். பிறகு உக்காந்து ஒரே பேனையில எழுதினா பார்த்த உடனே தெரிஞ்சிடும். டொக்டர் கடிதத்துல "லேசான வேலை"ன்னு மட்டும் இருந்தா தேயிலைக் கொழுந்து பறிக்கவே அனுப்புவாங்க, அது லேசான வேலையாம்! "தலையில கயிறு மாட்டிக் கூடை சுமக்கக்கூடாது"ன்னே எழுதி வாங்கு.

அசதி, குளிர் தாங்கலைங்கிறதை முழுக்க விபத்து மேல போடாதே. தைரொயிட் குளிசையை அவ விடியச் சாயத்தண்ணியோட, அதான் பால் போடாத தேத்தண்ணியோடதானே விழுங்குறா? வெறும் வயித்துல, வெறும் தண்ணியோட போட்டு, அரை மணி கழிச்சுத்தான் தேத்தண்ணி. இரும்புச்சத்துக் குளிசைக்கு 4 மணி நேர இடைவெளி. தைரொயிட் குறைஞ்சாலே தசை இறுகி வலிக்கலாம். தைரொயிட் ரத்தப் பரிசோதனை டிஎஸ்எச் பார்க்காம பிசியோதெரபிக்கு மட்டும் அலையாதே. தலை ஆட்டோக் கம்பியில மோதியிருந்து, மாசக்கணக்குல அசதி நீடிச்சு, மாதவிலக்கும் நின்னா, டிஎஸ்எச் மட்டும் போதாது. அடிபட்டது மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரிச் சுரப்பின்னா டிஎஸ்எச் சரியா இருக்கிற மாதிரியே காட்டலாம். ஃப்ரீ டி4, காலை எட்டு மணிக் கோர்ட்டிசோல்னு ரெண்டு ரத்தப் பரிசோதனையும் கேளு.

துண்டு, எக்ஸ்ரே மூலப்பிரதிகளை யாருக்கும் குடுக்காதே, போட்டோ கொப்பி போதும். கழுத்து சரியாகிறதுக்கு முன்னால "பூரண தீர்வு"ன்னு, இனி ஒன்னும் கேட்கமாட்டேன்னு இன்சூரன்ஸ் ஆள் நீட்டுற கடதாசியில தங்கச்சி கையெழுத்து விழக்கூடாது.

உன் மச்சான்