டிராயரைக் கவிழ்த்துப் பார்!

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்தது. வீடு மாறுகிற அலுப்பிலும் நாலு பக்கம் எழுதியிருக்கிறாயே, சந்தோஷம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்றால் இனி உன் கண்ணாடி, பேனா எல்லாம் உயரத்தில்தான் இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம். என் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது.

சரி, பழைய மேஜையும் அலமாரியும் வாங்கப்போகிறேன், எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தாய். பளபளப்பைப் பார்க்காதே, பாலிஷ் நேற்றுகூடப் போட்டிருக்கலாம். முதலில் ஒரு டிராயரை முழுசாக உருவிக் கவிழ்த்துப் பார். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில், புறாவின் வால்போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தால் ஆற அமரச் செய்த வேலை. பற்களில் ஒன்று அகலமாகவும் ஒன்று ஒல்லியாகவும் இருந்தால் முகம் சுளிக்காதே. பெரும்பாலும் அது கையால் அறுத்ததாக இருக்கும். எல்லாம் அச்சடித்தாற்போல இருந்தால் மெஷின் வேலை, அதுவும் உறுதிதான். வெறும் பசையும் ஸ்டேப்ளர் பின்னும் தெரிந்தால் நடையைக் கட்டு. அடிப்பலகை, பக்கங்களில் வெட்டிய காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், உட்கார்ந்திருக்கிறதா, கீழிருந்து சின்ன ஆணி அடித்து நிறுத்தியதா என்றும் பார். நீ அடுக்குகிற புத்தகக் கனத்துக்கு இரண்டாவது வகை தாங்காது.

முழு மரமா என்று தெரிய மேஜையின் ஓரத்தைப் பார். மேலே ஓடுகிற ரேகை விளிம்பில் இறங்கித் தொடர வேண்டும். பலகை முடிகிற பக்கத்தில் மர வளையங்களின் வெட்டு தெரிய வேண்டும். ஓரத்தில் தனியாக ஒரு பட்டை ஒட்டியிருந்தால் அநேகமாக வெனீர்தான், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு. வெனீர் என்றாலே மட்டம் என்று நான் சொல்லமாட்டேன், நல்ல பிளைவுட்மேல் ஒட்டியது பல வருஷம் உழைக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைதான் ஆகாது. தண்ணீர் பட்டால் அடியில் உப்பிவிடும். ஸ்க்ரூவை ஒருமுறை கழற்றினால் மறுபடி சரியாகப் பிடிக்காது. நீயோ வீடு மாறிக்கொண்டே இருப்பவன்.

அப்புறம், மரம் உளுத்திருக்கிறதா என்று பார். குண்டூசித் தலை அளவு ஓட்டைகளைக் கண்டதும் பயப்பட வேண்டாம். உட்புறம் கறுத்து அழுக்கேறியிருந்தால் பழைய கதையாக இருக்கலாம். ஓட்டை வெளிறி, கீழே மாவு மாதிரிப் புதுத் தூள் உதிர்ந்திருந்தால் பூச்சி இன்னும் உள்ளே குடியிருக்கிறது. அதை வீட்டுக்குள் விட்டால் மற்ற மரச்சாமானுக்கும் பரவும்.

"நூறு வருஷப் பழசு சார்" என்பார்கள். உடனே ஸ்க்ரூத் தலைகளைப் பார். கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூ 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ரிப்பேரின்போது மாற்றியது என்று ஒன்றிரண்டுக்குச் சமாதானம் சொல்லலாம், எல்லாவற்றுக்குமா?

நாற்காலி வாங்கினால் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சாய்ந்து பார், கிறீச்சிட்டால் கேட்ட விலையைக் குறை. பிடித்துப்போனதும் எனக்குப் படம் அனுப்பு, ஆனால் முன்பக்கம் வேண்டாம், அடிப்பக்கம்தான் வேண்டும்.

அன்புடன்,
சிவா