கைலாசபதிக்கு வாய்த்த கிரேக்கப் பேராசிரியர்

ஆசிரியர் அவர்களுக்கு,

பேராசிரியர் க. கைலாசபதியைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரை, இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வை நெறிப்படுத்திய ஜோர்ஜ் தொம்சனை ‘மார்க்சிய விமர்சகர்’ என்று மட்டும் குறிப்பிட்டுக் கடந்துவிட்டது. அது பிழையன்று. ஆயினும் தொம்சன் முதன்மையாக ஒரு கிரேக்க இலக்கிய அறிஞர் என்பதைச் சொல்லாமல் விட்டால், சங்கச் செய்யுள்களை ஆராயச் சென்ற ஒரு தமிழ் மாணவர் கிரேக்கப் பேராசிரியர் ஒருவரை ஏன் நாடினார் என்பது வாசகருக்கு விளங்காது.

1903இல் இலண்டனில் பிறந்து கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் பயின்ற தொம்சன், கிரேக்க இசைப்பாக்களின் யாப்பைப் பற்றி 1929இல் நூல் எழுதினார். 1938இல் பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் ஒரெஸ்தியா நாடகங்களை விரிவான உரையோடு பதிப்பித்தார். இவை துறைசார்ந்தோர் மட்டும் அறிந்த பணிகள். அவருடைய சிந்தனையைத் திருப்பியது, அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கெற் தீவுக்கு 1923 முதல் அவர் மேற்கொண்ட பயணங்களே. அங்கே கிணற்றடியில் தண்ணீர் மொண்டுகொண்டு நின்ற ஒரு மூதாட்டி, அமெரிக்காவுக்குப் போய்விட்ட தன் ஏழு ஆண்மக்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது அவளுடைய பேச்சே செய்யுளாக உருவெடுத்ததை அவர் பின்னர் எழுதியிருக்கிறார். அம்மீனவர்களின் உரையாடலைக் கேட்டபின்னரே, பண்டைக் கிரேக்கக் காவியக் கவிஞர் ஹோமரின் மொழி ஏட்டில் பிறந்ததன்று, மக்கள் நாவில் வளர்ந்தது என்பது அவருக்கு உறுதிப்பட்டது. 1931இல் அயர்லாந்தின் கோல்வே பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்து, கிரேக்கத்தை ஐரிஷ் மொழி வாயிலாகவே கற்பித்தார். பல்கலைக்கழகக் கல்வியைச் சுதேச மொழியில் வழங்க முடியுமா என்று நம் நாட்டில் பிற்காலத்தில் வாதிட்டவர்கள் இதனை அறிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

1930களின் பிற்பகுதியில் பேர்மிங்ஹாமில் கிரேக்கப் பேராசிரியரான தொம்சன் 1970 வரை அங்கே பணியாற்றினார். கிரேக்க நாடகத்தைப் பழங்குடிச் சடங்குகளோடும் ஏதென்ஸின் சமூக மாற்றங்களோடும் பொருத்திக் காட்டும் ‘ஈஸ்கிலஸும் ஏதென்ஸும்’ 1941இல் வெளிவந்தது. அமெரிக்க மானிடவியலாளர் மோர்கனை அடியொற்றித் தாய்வழிச் சமூகம் குறித்து அவர் எழுதியவற்றுள் பல இன்று ஏற்கத்தக்கனவல்ல என்றே கருதுகிறேன். ஆனால் வாய்மொழி மரபிலிருந்து காவியத்தை அணுகிய அவருடைய நோக்கு அதனால் வலுவிழக்கவில்லை. அந்நோக்கின் சூழலில் உருவாகி, அமெரிக்க அறிஞர்களான மில்மன் பரி, அல்பேட் லோர்ட் ஆகியோர் ஹோமருக்குக் காட்டிய, நிலைத்த சொற்றொடர்களைத் திரும்பத் திரும்ப எடுத்தாண்டு பாடும் வாய்பாட்டு முறையைப் புறநானூறு முதலிய தொகைநூல்களுக்குப் பொருத்திப் பார்த்த கைலாசபதியின் ஆய்வு, 1968இல் ஒக்ஸ்போர்டில் ‘தமிழ் வீரயுகக் கவிதை’ பற்றிய ஆங்கில நூலாக வெளிவந்தது. சங்கச் செய்யுள்களை வாய்மொழிப் பாடல்களாகக் கொள்ளும் அம்முடிவை மறுக்கும் அறிஞர்கள் பலர் உளர். அம்மறுப்பையும் பேர்மிங்ஹாம் பின்னணியையும் சேர்த்து ஒரு கட்டுரையைத் தங்கள் இதழ் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.