அவளைக் கவனிக்கிற உனக்கு

அன்புள்ள மகனுக்கு,

நேற்று போனில் மருமகளின் ரத்தப் பரிசோதனை, வாய்ப்புண், புற்றுநோய்க்கு அடுத்து கொடுக்கப்போகும் கீமோ எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாய். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு மட்டும் "எனக்கென்னப்பா" என்று முடித்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ இரவில் அடிக்கடி எழுந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாயாம். அவளே உன் அம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டாள். கீமோ கொடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும், அந்த நேரத்துக் காய்ச்சலை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. உன் பயம் நியாயமானதுதான். ஆனால் நீ ஒருவனே விழித்திருக்க வேண்டும் என்பது நியாயமில்லை. 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் எந்த எண்ணுக்கு உடனே அழைப்பது, மாத்திரைகள் எந்தெந்த நேரம், கீமோ முடிந்து முதல் 48 மணி நேரம் வாந்தியோ சிறுநீரோ துடைக்கும்போது கையுறை போடுவது, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு. இவையெல்லாம் உன் மனதில் மட்டும் இருக்கிறவரை வேறு யாராலும் அவள் பக்கத்தில் தைரியமாக உட்கார முடியாது. எழுதி வைத்துவிட்டால் அவள் அண்ணன் ஒரு ராத்திரி பார்த்துக்கொள்வார். நீ வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு.

உதவி வேண்டுமா என்று கேட்கிறவர்களிடம் "பரவாயில்லை" என்று சொல்லாதே. மருந்து வாங்கி வர ஒருவர், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர ஒருவர் என்று வேலையாகவே சொல்லிவிடு. அவர்களுக்கும் அதுதான் சுலபம்.

அப்புறம், வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற ஒன்று. சில நாள் அவள் மேலேயே எரிச்சல் வரும். இது எப்போதுதான் முடியும் என்று தோன்றும். தோன்றிய மறுநொடியே நான் என்ன மனிதன் என்று உன்னையே வெறுப்பாய். வெறுக்காதே. மாதக்கணக்கில் பயத்தோடு இருக்கிற எவனுக்கும் அப்படித் தோன்றும். அன்பு குறைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. அவள் முன்னால் எப்போதும் சிரித்த முகமாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. நீ மறைப்பது அவளுக்குத் தெரிகிறது, தன்னால்தான் உனக்கு இத்தனை கஷ்டம் என்று அவள் தனியாக நினைத்துக்கொள்கிறாள். ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதால்கூட நல்லதுதான்.

துணைவரைக் கவனித்துக்கொள்ளும் முதியவர்களைப் பற்றி 1999-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்தச் சுமையில் நொந்துபோனவர்களுக்கு, அப்படிக் கவனிக்கும் நிலையில் இல்லாதவர்களைவிட நான்கு ஆண்டுகளில் இறப்பு அபாயம் 63 சதவீதம் அதிகமாக இருந்தது. நீ இளையவன், சரி. ஆனாலும் தள்ளிப்போட்ட உன் ரத்த அழுத்தப் பரிசோதனையை இந்த வாரமே முடித்துவிடு. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது எனக்குத் தூக்கமே இல்லை என்று நேராகச் சொல். ஆஸ்பத்திரியில் வலியையும் வேதனையையும் தணிக்கிற பேலியேட்டிவ் கேர் பிரிவு இருந்தால் கேள். அது கடைசி நாட்களுக்கு மட்டுமானது இல்லை, சிகிச்சை நடக்கும்போதே நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் அவர்கள்.

அடுத்த கீமோவுக்கு நானும் அம்மாவும் வருகிறோம். ஆஸ்பத்திரிக்கு அவளோடு நான் போகிறேன். நீ அன்று வரவே வேண்டாம். அந்தத் தாளை மட்டும் எழுதி வை.

அன்புடன்,
அப்பா