கீரைக்கார அக்கா தந்த 11 கூடைகள்

எங்கள் கடலாமைப் பொரிப்பகத்தின் கடைசி முட்டைக் குழியும் இன்று விடியற்காலையில் பொரிந்துவிட்டது. தை மாதம் சென்னையில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை செத்த ஆமைகள் கரையில் ஒதுங்கிக் கிடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். அதை மறுபடி எழுதக் கை வரவில்லை. அதற்குப் பிறகும் கரையேறி முட்டையிட்ட பங்குனி ஆமைகளின் (ஆலிவ் ரிட்லி) குஞ்சுகள் கடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. கைகொடுத்தவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி, திருவான்மியூர் மார்க்கெட்டில் கீரை விற்கும் அக்காவுக்கு.

முட்டைகளைப் புரட்டாமல், குலுக்காமல் எடுத்து வந்து, பானை மாதிரி கழுத்து குறுகி அடி அகன்ற ஒன்றரை அடிக் குழியில் வைத்த பிறகு சுமார் 45 நாள் பொறுமைதான் வேலை. அதன்பின் ஒவ்வொரு குழிக்கும் ஒரு கூடை கவிழ்க்க வேண்டும். குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் மேலே வரும். மூடாவிட்டால், கடலை விட்டுவிட்டுத் தெருவிளக்கு வெளிச்சத்தைப் பார்த்து ஓடிவிடும். பிளாஸ்டிக் கிரேட் இதற்கு ஆகாது, கண்ணி பெரிசாக இருந்தால் கழுத்து மாட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்தால் காற்று போகாது, விடிந்து வெயில் ஏறினால் உள்ளே கொதிக்கும். நெருக்கமாகப் பின்னிய மூங்கில் கூடைதான் சரி. விளிம்பை இரண்டு விரற்கடை மணலில் அமுக்கி வைத்தால் நண்டும் உள்ளே புகாது.

மார்க்கெட் முழுக்க கிரேட்டுக்கு மாறிவிட்ட காலத்தில் மூங்கில் கூடைக்கு எங்கே போவது? இந்த வருஷம் குழிகள் இருந்தன, கூடைகள் போதவில்லை. விசாரித்து வந்தவர்களிடம் எதற்கு என்று மட்டும் கேட்டுவிட்டு, அக்கா பரணில் கிடந்த 11 கூடைகளையும் இறக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் பழைய சேலைக் கிழிசலோடு அவரே கரைக்கு வந்தார். "விளிம்புச் சிராம்பு என் கையையே கிழிக்குது, அந்தப் பிஞ்சுக் காலு என்னத்துக்கு ஆவும்?" என்று சொல்லி, 11 கூடையின் விளிம்பையும் துணி சுற்றி, கோணி ஊசியால் இழுத்துத் தைத்தார். நீந்த வேண்டிய துடுப்புக்கால் சிராம்பில் கிழிந்தால் அந்தக் குஞ்சு கடலில் எத்தனை தூரம் போகும்? இத்தனை வருஷமாக இந்தக் கரையில் ஒருத்தருக்கும் தோன்றாத வேலை அது. துணி சுற்றிய விளிம்பு மணலோடு இடைவெளி இல்லாமல் படிந்தும் உட்கார்ந்தது.

ராத்திரி அரை மணிக்கொரு தரம் கூடைகளைத் தூக்கிப் பார்த்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி. வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான் குஞ்சுக்குக் கட்டுச்சோறு, கூடைக்குள்ளேயே பிறாண்டிக்கொண்டு கிடந்தால் அது அங்கேயே தீர்ந்துவிடும். கடலைப் பார்த்த விளக்குகளை அணைத்து வைத்த குடியிருப்புகள், ஆமைத் தடம் பார்த்ததும் போன் போட்ட குப்பத்து அண்ணன்கள், வனத்துறை ஊழியர்கள், மூன்று மணிக்கு டீ கொண்டுவந்த தம்பி, எல்லோருக்கும் நன்றி.

இனி இந்தப் பொரிப்பகத்தில் விளிம்பு கட்டாத கூடை ஒன்றுகூட மணலில் இறங்காது.

அக்கா, உங்கள் 11 கூடைகளையும் நல்ல தண்ணீரில் அலசி, உப்புப் போக நிழலில் உலர்த்தி வைத்திருக்கிறோம். இரண்டில் துணி நைந்திருக்கிறது. மார்கழிக்குள் அதை மாற்றித் தைக்க வேண்டும், எப்படி என்று சொல்லிக்கொடுங்கள்.