அந்தப் படத்தைத் திருப்பிப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கல்விச் சிறப்பிதழில் வந்த 'பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்கலாம்?' பகுதியைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். டேட்டா சயின்ஸுக்கு மூன்று பக்கம். விஷுவல் கம்யூனிகேஷனுக்கு ஒரு முழுப் பக்கம், கேமராவோடு நிற்கும் பையன் படம் சகிதம். வரலாற்றுக்கு ஒன்றரை வரி: "மனப்பாடத் திறன் உள்ளவர்களுக்கு ஏற்றது. போட்டித் தேர்வுகளுக்குக் கைகொடுக்கும்." பக்கத்தில் ஒரு கல்வெட்டுப் படம். 31 வருடம் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அந்த ஒன்றரை வரிக்கு முதலில் நன்றி. அதுவும் இல்லாமல் போயிருக்கலாம்.

படம் தலைகீழாக இருக்கிறது, ஐயா.

இதழைச் சுழற்றிப் பாருங்கள். வலது கீழ் மூலையில் கவிழ்ந்து கிடப்பது 'ஸ்வஸ்திஸ்ரீ'. கல்வெட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. படம் தேடியவர், பக்கம் வடிவமைத்தவர், மெய்ப்புப் பார்த்தவர் என்று இத்தனை பேரைத் தாண்டி அது வந்திருக்கிறது. ஒரு நடிகரின் படம் இப்படி வந்திருந்தால் அன்று இரவே அச்சகத்தை நிறுத்தியிருப்பீர்கள்.

சரி, தங்கள் அலுவலகத்தை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. வரலாற்றில் எம்.ஏ., எம்.ஃபில். முடித்து வேலைக்கும் வந்துவிட்ட எனக்கே நாற்பது வயது வரை கல்வெட்டில் எது தலை, எது கால் என்று தெரியாது. குடத்தில் பெயரோலை போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த குடவோலை முறை எங்களுக்குப் பத்து மார்க் கேள்வி. தகுதிகளை, வயது 35க்கு மேல் 70க்குள், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு என்று நம்பர் போட்டு எழுதினால் பத்துக்கு எட்டு விழும். நானும் அப்படியே எழுதினேன், அப்புறம் அப்படியே நடத்தினேன். தாங்கள் சொல்லும் அந்த மனப்பாடத் திறனில் எனக்குக் குறைவில்லை.

ஒருமுறை மாணவிகளை உத்திரமேரூருக்கு அழைத்துப் போனோம். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவருக்கு முன்னால் வாத்தியாரம்மா நான் சுற்றுலாப் பயணிபோல நின்றேன். துணைக்கு வந்த தமிழ்த்துறைக்காரர்தான் கல்லில் விரலை வைத்து, 'மதிரைகொண்ட கோப்பரகேசரி' என்று எழுத்துக் கூட்டிப் படித்துக்காட்டினார். மதுரையை வென்ற சோழன் முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவை. அவற்றை வைத்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது நான். படிக்கத் தெரிந்தது அவருக்கு.

அவர் 'கால் வேலி' என்ற இடத்துக்கு வந்ததும் பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "மேடம், கால் வேலின்னா அஞ்சு மாதானே? எங்க தாத்தாவுக்கு ரெண்டு மா. அப்போ அவர் பேரை ஓலையில எழுதவே மாட்டாங்களா?" வேலிக்கு இருபது மா என்பது டெல்டாப் பக்கத்துப் பிள்ளைக்கு அத்துப்படி. ஏக்கரில் சொன்னால் ஏறக்குறைய ஒன்றே முக்கால். அது பிரம்மதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின் சபை, அதற்குள்ளும் நிலம், வேதம் என்று சலித்து எடுத்த பிறகுதான் குடத்தில் ஓலை போட்டார்கள் என்பதை நான் வகுப்பில் சொல்லியதே இல்லை. கைடில் இல்லை, சொல்லவில்லை. கைடில் இருந்தது 'உலகின் முதல் மக்களாட்சி' என்ற ஒரு வரி. நில அளவை தெரிந்த ஒரு பத்தொன்பது வயதுப் பெண், தன் தாத்தாவை வைத்து அந்த வரியைத் தட்டிவிட்டாள்.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு யோசனையை எழுதிக் கொடுத்தேன். வரலாற்று மாணவிகளுக்குக் கல்வெட்டு ஒரு அல்லைடு பேப்பர், அதாவது துணைப்பாடம், தமிழ்த்துறையும் நாங்களும் சேர்ந்து நடத்துவது. கல்லூரியின் கல்விப் பேரவையில் ஒரு மணி நேரம் பேசினார்கள். கல்வெட்டைப் பற்றி அல்ல, ஒர்க்லோடு பற்றி. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் தமிழ்த்துறைக்குப் போனால் எங்கள் துறையில் ஒரு போஸ்ட் ஆட்டம் காணுமாம். எங்கள் ஆட்களே எதிர்த்தார்கள். கடைசியில் வந்தது சுற்றுலாவியல். தஞ்சைப் பெரிய கோயில் எத்தனை அடி உயரம் என்று அதில் இரண்டு மார்க் கேள்வி வரும்.

அதே கோயில் கல்வெட்டில், ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின் பட்டியல் இருக்கிறது. பெயர், எந்த ஊரிலிருந்து வந்தவள், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல், எல்லாம் உண்டு. ஒரு செமஸ்டர் சிலபஸை ஓரமாக வைத்துவிட்டு அந்த ஊர்களை ஒரு பழைய பஸ் ரூட் மேப்பில் சிவப்புப் பேனாவால் குறிக்கச் சொன்னேன். திருவாரூர், பழையாறு என்று புள்ளிகள் கூடக்கூட வகுப்பில் சத்தம் அடங்கிவிட்டது. வரைபடம் போட்டால் புவியியல், நெல்லைக் கூட்டினால் பொருளாதாரம், பெயரைப் பிரித்தால் தமிழ். மூன்றுக்கும் எங்கள் கல்லூரியில் கேட் வேறு. புவியியலுக்குக் கேட்டும் கிடையாது, துறையே இல்லை.

இப்படிப் படித்தவர்கள்தான் வரலாற்றை எழுதினார்கள் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'பிற்காலச் சோழர் சரித்திரம்' எழுதிய சதாசிவ பண்டாரத்தார் கும்பகோணத்தில் தமிழாசிரியராக இருந்தவர். ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி, புகளூர்க் கல்வெட்டைப் படித்துச் சங்க நூலான பதிற்றுப்பத்தின் சேரர்களோடு பொருத்திக் காட்டினார். டி.டி. கோசம்பி கணக்கு வாத்தியார். பழைய முத்திரை நாணயங்களைத் தராசில் நிறுத்து, தேய்மானத்தை வைத்துக் காலம் சொன்னார். ஒய். சுப்பராயலு சோழநாட்டுக்குள் 'நாடு' என்று இருந்த உட்பிரிவுகளைக் கல்வெட்டு ஊர்ப்பெயர்களைக் கொண்டே வரைபடமாக்கினார், 1973இல் புத்தகமாக வந்தது. அவரும் ஜப்பானியரான நொபோரு கராஷிமாவும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை ஒன்றுவிடாமல் தொகுத்து எண்ணினார்கள். ஜப்பானிலிருந்து வந்து நம் கல்லைப் படிக்கிறார்கள். நாம் தலைகீழாக அச்சடிக்கிறோம்.

அந்தக் 'கால் வேலி' பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். எங்கள் வகுப்புக்கு அவள் தமிழ் மேஜரிலிருந்து வந்து உட்கார்ந்தவள். பி.ஏ. தமிழ் முடித்து, பிடிவாதமாக எம்.ஏ. வரலாறு சேர்ந்தாள். கிரந்தம், வட்டெழுத்து என்ற பழைய எழுத்துகளைப் படிப்பாள், கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி மைப்படி எடுப்பாள். ஈரத்தாளைக் கல்லில் ஒற்றிப் பிரஷ்ஷால் தட்டும்போது அவள் மூச்சுவிடுவதே தெரியாது. வேலைக்குப் போன இடத்தில் சான்றிதழைப் புரட்டிவிட்டு, "நீங்க கிராஸ் மேஜர்ம்மா" என்றார்களாம். இரண்டு பாடம் தெரிந்தது குற்றம்! இப்போது ஒரு கோச்சிங் சென்டரில் குடவோலை முறையை நம்பர் போட்டு நடத்துகிறாள். போட்டித் தேர்வுக்குக் கைகொடுக்கும் என்றீர்களே, அதில் மட்டும் பொய்யில்லை.

திருப்பணி என்ற பெயரில் கோயில் சுவர்களில் மணலைப் பீய்ச்சி, அழுக்கோடு எழுத்தையும் உரித்தார்களே, அப்போதும் தங்களுக்கு எழுதினேன். ஆறு பக்கக் கடிதம். நான்கு வரி போட்டீர்கள், அதிலும் 'சாசனம்' என்பது 'ஆசனம்' ஆகியிருந்தது. நான் வருத்தப்பட்டதாக எண்ண வேண்டாம். ஆசனத்துக்கும் நம் நாட்டில் மதிப்பு உண்டு.

மறுபடியும் எழுதுவதற்குக் காரணம், பக்கத்து வீட்டுப் பையன். தங்கள் இதழைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, எனக்கு மனப்பாடம் வராது, அப்போ ஹிஸ்டரி வேண்டாம்தானே?" என்று கேட்டான். கீழடி பற்றி வருகிற எல்லா வீடியோவையும் பார்க்கிறவன். இனி அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன், அந்தக் கவலை தங்களுக்கு வேண்டாம்.

தாங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். அடுத்த இதழில் அந்தப் படத்தை, அதே அளவில், நேராகப் போடுங்கள். 'பிழை திருத்தம்' என்று எறும்பு சைஸில் ஓரத்தில் வேண்டாம். இடம் இருந்தால், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் என்று ஒரு துறை இருக்கிறது என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தையும் சுருக்குவீர்கள் என்று தெரியும். சுருக்குங்கள். ரெண்டு மா தாத்தாவை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
மன்னார்குடி