படுவான்கரைப் பிள்ளைகளின் நிறையைத் தனியாகப் பாருங்கள்

மட்டக்களப்பு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வலையிறவுப் பாலத்துக்கு அங்கால இருக்கிற தாய்மாரும் இன்று ஆஸ்பத்திரிக்கு வந்துதான் பிள்ளை பெறுகிறார்கள். வீட்டுப் பிரசவம் அரிதாகிவிட்டது. இதில் மிட்வைஃப்மாரின் (மருத்துவிச்சிகளின்) உழைப்பை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வருமுன்னே பிள்ளையின் பாதி விதி எழுதப்பட்டுவிடுகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2500 கிராமுக்குக் கீழே பிறந்தால் நிறை குறைந்த பிள்ளை. 2016 இல் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஏறத்தாழ ஆறு பிள்ளைகளில் ஒன்று அப்படிப் பிறக்கிறது. 25 மாவட்டங்களையும் முழுதாக உள்ளடக்கிய முதல் ஆய்வும் அதுதான். முந்தியவற்றில் போர் நடந்த பகுதிகள் விடுபட்டன; 2006-07 ஆய்வில் கிழக்கு சேர்க்கப்பட்டாலும் வடக்கு விடுபட்டது. ஆனால் சமாதானம் வந்தபின் படுவான்கரைப் பிள்ளைகளின் நிலைமை எவ்வளவு தேறியது என்று இந்த ஆய்வுகளை வைத்துத் தனியாகப் பார்க்க முடியாது.

ஆறில் ஒன்று என்பது நாட்டுச் சராசரி. நகரத்தில் இருவரும் அரச உத்தியோகம் பார்க்கும் வீட்டுப் பிள்ளையும், வெல்லாவெளியில் கணவனோடு கூலி வயலுக்குப் போகிறவளின் பிள்ளையும் அதற்குள் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2006, 2007 இல் போரால் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனம் இடம்பெயர்ந்து முகாம்களில் கிடந்தது. நிவாரண அரிசியிலும் பருப்பிலும் வயிற்றை நிரப்பிய தாய்மாருக்கு அப்போது பிறந்த பெண்பிள்ளைகள் இன்று 18 வயதைத் தாண்டிவிட்டார்கள். சிலர் கிளினிக்கில் கர்ப்பிணிகளாக வரிசையில் நிற்கிறார்கள். நிறை குறைந்து பிறந்தவளுக்கு நிறை குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்பு அதிகம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. போர் 2009 இல் முடிந்தது, சரி. அது தாயின் உடம்பில் விட்டுப்போனது பேரப்பிள்ளை வரைக்கும் வருகிறது. அதற்கு மேலே 2022 இன் நெருக்கடி: முட்டையும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போயின, கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் அரசு கொடுக்கும் சத்துமாவான திரிபோஷவுக்கும் தட்டுப்பாடு. கிடைத்த பைக்கற்றையும் வீட்டில் உள்ள பிள்ளைகள் எல்லாரும் பங்குபோட்டுத் தின்றார்கள் (எந்தத் தாய் தான் மட்டும் தின்பாள்?). கிழமை லோன் கட்டும் நாளில் குறைவது பெரும்பாலும் அவளுடைய சாப்பாடுதான். "நல்லாச் சாப்பிடுங்க" என்று கிளினிக்கில் சொல்வதால் மட்டும் அது மாறாது.

நான் கேட்பது பெரிய பணம் தேவைப்படும் காரியமல்ல. ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பு நிறையும் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கிராம சேவகர் பிரிவு வாரியாகப் பிரித்து, தாயின் வயது, படிப்பு, வீட்டுத் தொழில் என்பவற்றோடு சேர்த்து ஆண்டுதோறும் வெளியிடுங்கள். பெயர்கள் வேண்டாம். பிறப்புகள் மிகக் குறைவான பிரிவுகளைப் பக்கத்துப் பிரிவோடு சேருங்கள், யாரையும் அடையாளம் காண முடியாதிருக்க.

அப்புறம், மிட்வைஃப் நியமனங்களையும் மேலதிகத் திரிபோஷவையும் அந்தக் கணக்கை வைத்தே பங்கிடுங்கள். முதல் பத்து நாளுக்குள் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது உங்கள் விதி. ஒரே மிட்வைஃப் தன் பிரிவோடு பக்கத்து வெற்றிடத்தையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டுக்கு வீடு தூரமான ஊர்களில் அந்த விதி எப்படி நிறைவேறும்? முதல் அறிக்கை பட்டிப்பளை, வவுணதீவு, வெல்லாவெளி பிரதேச செயலகங்களின் அறிவித்தல் பலகைகளிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

இப்படிக்கு,
கொக்கட்டிச்சோலையிலிருந்து ஓர் ஆசிரியை