பில் ஐவியைக் கள்ளாட்டக்காரர் என்று சொல்லும் கேசினோ முதலாளிகளுக்கு

அட்லாண்டிக் சிட்டியிலும் லண்டனிலும் கேசினோ நடத்தும் பெரியவர்களுக்கு,

போக்கர் ஆட்டக்காரர் பில் ஐவியின் பெயர் வந்தாலே, பக்காரா என்ற சீட்டாட்டத்தில் அவர் ஜெயித்த பணம் பற்றிய வழக்கைத்தான் முதலில் இழுக்கிறீர்கள். சரி, அதையே பேசுவோம்.

2012-இல் அட்லாண்டிக் சிட்டியின் போர்கட்டா கேசினோவில் அவர் கேட்டது என்ன? தனி இடம், மாண்டரின் (சீன மொழி) பேசும், சீட்டுப் போட்டுக் கொடுக்கும் டீலர், குறிப்பிட்ட கம்பெனியின் ஊதா நிறச் சீட்டு, கலைப்பதற்கு எந்திரம். ராசி பார்க்கிறேன் என்றார். அது பொய்தான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அத்தனைக்கும் தலையாட்டியது யார்? பெரிய பணத்தோடு வருகிறார், தோற்றுவிட்டுப் போவார் என்ற நப்பாசையில்தானே? சீட்டின் முதுகில் இருந்த கோலம் இரண்டு ஓரத்திலும் ஒரே மாதிரி வெட்டப்படவில்லை. கூட வந்த பெண் சொல்லச் சொல்ல நல்ல சீட்டுகளை மட்டும் டீலரே திருப்பி வைத்தார், எந்திரம் அந்தத் திசை மாறாமல் கலைத்துக் கொடுத்தது, அப்புறம் முதுகைப் பார்த்தே பந்தயம் கட்டினார்கள். அங்கே ஜெயித்தது 96 லட்சம் டாலர், லண்டன் கிராக்ஃபோர்ட்ஸ் கேசினோவில் 77 லட்சம் பவுண்ட். லண்டனில் அவர் போட்ட பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள், ஜெயித்ததைக் கண்ணில் காட்டவில்லை.

தீர்ப்புகள் உங்கள் பக்கம் வந்தது உண்மை. அது கள்ளாட்டம்தான் என்று 2017-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தான் செய்தது கள்ளாட்டம் இல்லை என்று அவர் மனதார நம்பினார் என்பதை அங்கே முதலில் விசாரித்த நீதிபதி ஏற்றுக்கொண்டார். போர்கட்டா வழக்கில் நியூ ஜெர்சி நீதிபதியோ மோசடி என்ற வாதத்தை ஏற்காமல், கேசினோ சட்டத்தை மீறியதால் ஒப்பந்தத்தை மீறினார் என்றுதான் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னார். இந்தப் பாதி மட்டும் உங்கள் வாயில் வருவதே இல்லை.

இதெல்லாம் கேசினோவோடு ஆடும் பக்காரா. போக்கரில் அவர் ஆடுவது உங்களோடு இல்லை, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரரோடு. 2000-இல் அமரில்லோ ஸ்லிம் மாதிரி ஒரு போக்கர் பழம்பெருச்சாளியைத் தோற்கடித்து, உலகப் போக்கர் தொடரில் ஒரு போட்டியை ஜெயித்தால் தரும் பிரேஸ்லெட்டில் முதலாவது, 2014-க்குள் பத்து, 2024-இல் பதினொன்றாவது. லண்டன் வழக்கில் தோற்ற அதே 2017-இல்தான் போக்கர் ஜாம்பவான்களின் கௌரவப் பட்டியலான போக்கர் ஹால் ஆஃப் ஃபேமிலும் சேர்த்தார்கள். அங்கே ஓட்டுப் போடுகிறவர்களில் போக்கர் ஆடியே பெயர் வாங்கியவர்களும் உண்டு, அவர்களுக்குத் தெரியாத கள்ளாட்டமா? இவ்வளவுக்கும் பிறகு, அந்தத் தீர்ப்புப் பணத்துக்காக, 2019 உலகப் போக்கர் தொடரில் அவர் நேர்மையாக ஜெயித்த பணத்தையும் போர்கட்டா பிடித்து வைக்கச் செய்தது.

பணச் சண்டை 2020-இல் சமரசத்தில் முடிந்துவிட்டது. இனி அந்தக் கதையைச் சொல்வதாக இருந்தால், சீட்டைத் திருப்பி வைத்தது உங்கள் டீலர், சம்மதித்தது உங்கள் மேலாளர் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு போக்கர் ரசிகன்